ரிஜிஸ்டர் தபால்

ஆஷ்லின் மூன்றாவது முறையாகப் பாஸ்வேர்டைத் தட்டினாள். இந்த முறையும் அது சரியாகவே இருந்தது. ஏற்காடு பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பெண் அவள். ஒன்பது மணி பஸ்ஸில் வந்து கொட்டச்சேட்டில் இறங்கி, தூறலில் நனைந்தபடி எஸ்டேட் பாதையில் நடந்தே ஏறி வந்திருந்தாள். துப்பட்டா நுனியிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இங்கிருந்து போறது போகுதுங்கக்கா. வர்றதுதான் வரமாட்டேங்குது" என்றாள்.

காவேரி சமையலறை வாசலில் நின்று கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். ஏன் வரவில்லை என்று அவளுக்குத் தெரியும். தை மாதம் ஒரு மத்தியானம், அப்பா கண்ணயர்ந்த நேரத்தில், இதே நாற்காலியில் உட்கார்ந்து வருகிற மெயிலையெல்லாம் வராமல் செய்தவளே அவள்தான். ஐந்து மாதமாகிறது. ஒரு நாள்கூட அதற்காக அவள் வருந்தியதில்லை.

கம்ப்யூட்டர் மேசையை ஒட்டினாற்போலக் கட்டில். மூன்று தலையணையை முதுகுக்குக் கொடுத்துப் பெரியசாமி சாய்ந்திருந்தார். எஸ்டேட் ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் ரைட்டராக, கணக்கெழுதும் குமாஸ்தாவாக, இருந்தவர். இப்போது அந்த வேலையில் காவேரி இருக்கிறாள், அதனால்தான் எஸ்டேட் கொடுத்த குவார்ட்டர்ஸ் கைவிட்டுப் போகவில்லை. ஆறேழு வருஷமாக அவருக்கு இரண்டு காதும் சுத்தமாகக் கேட்பதில்லை. போன் பயன்படாது. செல்போனின் சின்னத் திரை கண்ணுக்கு ஆகாது. ஆபீசில் கடைசி சில வருஷம் கம்ப்யூட்டரில் பழகிய பழக்கத்தில், மஸ்கட்டில் இருக்கும் மகன் விஜயகுமாருக்கு மெயில் எழுதுவார். அவன் பதில் போடுவான். அதைப் பிரிண்ட் எடுத்து, துளை போட்டு, கோப்பில் கோத்துவிட்டுத்தான் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காருவார்.

"என்ன கண்ணு, புடிபட்டுச்சா?" என்று கேட்டார். நுரையீரலில் நீர் கோத்திருந்ததால் நாலு வார்த்தை பேச ஒன்பது மூச்சு வாங்கியது.

ஆஷ்லின் திரும்பி வாயைத் திறந்தாள். காவேரி கட்டிலில் கிடந்த ஸ்கெட்ச் பேனாவையும் பழைய காலண்டர் தாளையும் காட்டினாள். தாளின் பின்பக்கத்தில் ஆஷ்லின் பெரிதாக 'பாத்துட்டு இருக்கேன்' என்று எழுதிக் காட்டினாள். அவர் தலையாட்டினார்.

மூன்று நாளைக்கு முன் சேலத்து டாக்டர், இனி ஊட்டுக்கே கூட்டிட்டுப் போயிருங்கம்மா என்று சொல்லிவிட்டார். காவேரி நர்ஸ் படிப்பு படித்தவள். காலையில் வேட்டி மாற்றும்போது முழங்காலில் திட்டுத் திட்டாக ஊதா நிறம் படர்ந்திருப்பதைப் பார்த்தாள். இன்றைய பொழுது தாண்டாது. அவருக்கும் அது எப்படியோ தெரிந்திருந்தது. நேற்றிலிருந்து ஒரே பேச்சுதான். விஜயன்கிட்டேருந்து ஒரு வரி, அதப் பாத்துட்டாப் போதும். மெஷின்தான் பழுது, அவன் எழுதாம இருக்க மாட்டான்.

பார்க்காமலே போகட்டும் என்று காவேரி நினைத்துக்கொண்டாள். அப்பா மேல் அவளுக்குக் கோபம் இல்லை. அவருக்கு வலிக்கிறது என்று தெரியும். ஆனால் அண்ணனுக்கு வலிக்க வேண்டுமென்றால் அப்பா வழியாகத்தான் வலிக்கச் செய்ய முடியும். தான் எழுதியது எதையும் படிக்காமலே அப்பா செத்தார் என்று அவன் ஆயுசு முழுக்க நினைத்துப் புழுங்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன் அவளுக்கு அரசாங்க நர்ஸ் வேலைக்கு ஆர்டர் வந்திருக்கிறது. வந்ததே அவளுக்குத் தெரியாது. அந்த ஆடியில்தான் அம்மா பக்கவாதம் வந்து படுத்தாள். இன்று வரும், நாளை வரும் என்று காவேரி எதிர்பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு வருஷம் போனதும் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டாள். பதினொரு வருஷம் அம்மாவுக்கு எல்லாம் படுக்கையில்தான். பெண் பார்க்க வந்தவர்கள் உள்ளறையை எட்டிப் பார்த்துவிட்டு, காபியைக் குடித்துவிட்டுப் போய்ச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். இந்தப் பொங்கலுக்குச் சேலம் போனபோது கூடப் படித்த நந்தினியைக் கடைவீதியில் பார்த்தாள். நந்தினி இப்போது பெரிய நர்ஸ். "பட்டியல்ல எனக்கு மேல உம் பேருதான இருந்துச்சு. ஆர்டர் வாங்கிட்டு ஏன் சேராம வுட்டுட்டே?" என்று சாதாரணமாகக் கேட்டாள்.

வீட்டுக்கு வந்து காலண்டர் தாளில் எழுதி அப்பாவிடம் கேட்டாள். அவர் வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உங்கண்ணன்தான் வாங்குனான். நீ போயிட்டா அம்மாவ யாரு பாப்பாங்கன்னு கிழிச்சுப் போட்டுட்டான். எனக்கே பொறவுதான் தெரியும்" என்றார். மறுநாள் காலை அவள் மஸ்கட்டுக்குப் போன் போட்டாள். அண்ணன் மழுப்பவில்லை. ஆமா, நாந்தான் என்றான். அன்றைக்கே தன் போனில் அவன் நம்பர் வராதபடி அடைத்தாள். ஒரு கடிதத்தை ஒளித்தவனுக்கு அவன் எழுதும் எல்லாக் கடிதமும் போய்ச் சேராமல் கிடக்கட்டும் என்று, அப்பாவின் மெயிலையும் அடைத்தாள். அது சரியான தண்டனையாகவே அவளுக்குப் பட்டது.

"பெட்டி நெறஞ்சு போச்சான்னு பாத்தேன், அதெல்லாம் இல்லீங்க. ஸ்பாமும் காலியா இருக்குது" என்றாள் ஆஷ்லின். "உங்க வைஃபைலயே எம் போன்லேருந்து ஒண்ணு அனுப்பிப் பாக்கறனுங்க."

அனுப்பினாள். இருவரும் திரையைப் பார்த்தார்கள். பெரியசாமியும் தலையைத் தூக்கிப் பார்த்தார். இன்பாக்ஸ் அப்படியே இருந்தது.

"நெட்டு மேகமூட்டத்துல மக்கர் பண்ணும்" என்றாள் காவேரி. "மழ வுட்டதும் சரியாயிரும். நீ பன்னெண்டு மணி பஸ்ஸப் புடிச்சுப் போயிரு சாமி."

"நெட்டு நல்லாத்தாங்க இருக்குது." அந்தப் பெண் விடுகிற ஜாதியில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்தாள். கடைசியில், யாரும் எட்டிப் பார்க்காத நீக்கிய மெயில்களுக்கான இடத்தைத் திறந்தாள். அங்கே உச்சியில் அவள் இப்போது அனுப்பிய மெயில் இருந்தது. அதற்குக் கீழே வரிசையாக ஐம்பத்து மூன்று. முக்கால்வாசி விஜயகுமாரிடமிருந்து.

"அட, எல்லாம் இங்க வந்து கெடக்குதுங்க. வந்ததும் வராததுமா குப்பைக்குப் போறாப்புல ரூல் போட்டு வெச்சிருக்குது." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "இது தானா ஆகாதுங்கக்கா. யாராச்சும் உக்காந்து போட்டாத்தான்."

"நாந்தான் போட்டேன்."

நடுவில் படுத்திருந்த அப்பாவுக்கு மேலாக, குரலைத் தாழ்த்தாமலே காவேரி சொன்னாள். பெரியசாமி ஒருத்தி முகத்திலிருந்து இன்னொருத்தி முகத்துக்குப் பார்வையை மாற்றினார்.

ஆஷ்லின் மவுஸிலிருந்து கையை எடுத்தாள். "அந்த அண்ணன்தாங்க எனக்குப் போன் பண்ணுனாரு. நான் எழுதிட்டேதான் இருக்கறேன், ஆனா நீ ஏன் எழுத மாட்டேங்கறேன்னு அப்பா திட்டித் திட்டி மெயில் போடறாரு, போயி என்னன்னு பாரும்மான்னாரு. நொம்பக் கெஞ்சிக் கேட்டாருங்க."

"கெஞ்சட்டும். நீ உள்ள போயி டீ குடி. அடுப்புமேல இருக்குது."

ஆஷ்லின் எழுந்து போனாள். காவேரி நாற்காலியில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து ஒரே தட்டாகத் தட்டிவிட்டால் மொத்தமாக அழிந்துவிடும். அதற்காகத்தான் உட்கார்ந்தாள். கை மவுஸுக்குப் போய்விட்டது. ஆனால், தங்கையின் பிழைப்பைக் கிழித்துப் போட்டவன் அப்பாவுக்கு என்னதான் எழுதுவான், அதையும் ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று தோன்றியது. ஐந்து நாளைக்கு முன் வந்திருந்த, அவனுடைய கடைசி மெயிலைத் திறந்தாள்.

'அப்பாவுக்கு, விஜயன் எழுதுவது. உங்களுக்கு மூச்சு வாங்குகிறது என்று செல்லப்பன் மாமா சொன்னார். காவேரி என் நம்பரையே அடைத்து வைத்திருக்கிறாள். அப்பா, தை மாதம் ராத்திரியோடு ராத்திரியாக மெயில் போட்டு நீங்கள் கேட்டுக்கொண்டதற்காக நான்தான் கிழித்தேன் என்று அவளிடம் ஒத்துக்கொண்டேன். அந்த ஆர்டர் வந்த ஆவணியில் நான் ஊரிலேயே இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தேன். தீபாவளிக்குத்தான் வந்தேன். அம்மாவுக்காகச் செய்தீர்கள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவள் பேசாமல் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் அப்புறம் நான் என்ன சொன்னாலும் நம்பமாட்டாள். ஒரே ஒரு தடவை உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள்.'

காவேரி அதை இரண்டாம் முறை படிக்கவில்லை. படிக்கத் தேவை இருக்கவில்லை.

அரசாங்க ஆர்டர் ரிஜிஸ்டர் தபாலில்தான் வரும். எஸ்டேட்டில் யாருக்கு ரிஜிஸ்டர் வந்தாலும் தபால்காரர் தொழிலாளர் லயனுக்கோ குவார்ட்டர்ஸுக்கோ தேடிப் போக மாட்டார். தபால் பை ஆபீசுக்கு வரும். எல்லாருக்கும் சேர்த்து ரைட்டர் ஒரு கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வார். அந்தக் காலத்திலிருந்து அதுதான் வழக்கம். எட்டு வருஷமாக அந்தக் கையெழுத்தைக் காவேரிதான் போடுகிறாள். போன திங்கட்கிழமைகூட மூன்று போட்டாள். அண்ணன் வாங்கினான் என்று அப்பா சொன்னபோது, அவன் எப்படி வாங்கியிருக்க முடியும் என்று ஒரு நொடிகூட அவளுக்குத் தோன்றவில்லையே. தன்மேல் வந்த ஆத்திரத்தில் அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது.

"என்ன கண்ணு? வந்துருச்சா?"

பெரியசாமி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காவேரி பிரிண்டரை முடுக்கினாள். அது முனகி முனகி ஒரு தாளைத் தள்ளியது. எடுத்துக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தாள்.

அவர் முகம் மலர்ந்தது. "நாஞ் சொல்லல, மெஷின்தான் பழுதுன்னு." கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உதடு அசைய அசையப் படித்தார். நாலாவது வரியில் உதடு நின்றது. தாளை மெதுவாகப் போர்வைமேல் வைத்தார்.

"எழுத்து நொம்பச் சின்னதா இருக்குது கண்ணு. ஒண்ணும் தெரியல."

இத்தனை வருஷமாக இதே அளவு எழுத்தில்தான் படித்துக் கோத்து வைத்தார். காவேரி திரும்பப் போய் உட்கார்ந்தாள். எழுத்தைப் பெரிதாக்கினாள். போதவில்லை என்று இன்னும் பெரிதாக்கினாள். பிரிண்டர் ஏழு தாள் தள்ளியது. கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவர் கண்ணை மூடினால் திறக்கும்வரை காத்திருந்தாள். திறந்ததும் அடுத்த தாளைப் பிடித்தாள். வாழ்நாளில் எதையும் இவ்வளவு பொறுமையாக அவள் செய்ததில்லை.

"அக்கா, போதுங்கக்கா" என்றாள் ஆஷ்லின். டீ டம்ளரோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"மெயிலு வரலன்னுதான உன்ன வரச்சொன்னாங்க. வந்துருச்சில்ல. படிக்கட்டும்."

ஏழாவது தாளும் முடிந்தது. பெரியசாமி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "உங்கம்மாவுக்கு வேற ஆரு கண்ணு இருந்தா?" என்றார். பிறகு, விட்டு விட்டு, "அவன் தூரத்துல இருக்கறவன். உங் கோவத்தத் தாங்கிக்குவான். நீ என்னையக் கோவிச்சுக்கிட்டா நான் எங்க போவேன்?" என்றார்.

காவேரி பேசினாள். பத்தொன்பது வருஷத்துக்கும் சேர்த்துப் பேசினாள்.

"அம்மாவப் பாத்தது எனக்குப் பாரமில்லீங்கப்பா. பீ மூத்திரம் அள்ளுனது பாரமில்ல. ஆர்டர எங் கையில குடுத்து, போறியா இருக்கியான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா, நானே இருக்கறேன்னு சொல்லியிருப்பேன். எங் கையாலயே கிழிச்சிருப்பேன். நானா இருந்தேங்கற நெனப்பாச்சும் எனக்கு மிஞ்சியிருக்கும். அதயும் நீங்க உட்டு வெக்கல. வேல கெடைக்காத முண்டம்னு நானே என்னைய நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். அதப் பாத்துக்கிட்டே தெனமும் எங் கையில சோறு வாங்கித் தின்னீங்க. அது போதாதுன்னு அண்ணனையும் எனக்கு இல்லாமப் பண்ணிப்புட்டீங்க."

அவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பிடிபடவில்லை. கை நீண்டு காலண்டர் தாளைத் தடவியது. "எழுதிக் காட்டு கண்ணு."

அவள் ஸ்கெட்ச் பேனாவை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். அவர் தாளை அவள் பக்கம் தள்ளினார். காவேரி அவரைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். பிறகு மூடியைப் போட்டு, பேனாவை அவருக்கு எட்டாத ஜன்னல் திட்டில் வைத்தாள்.

"என்ன சொன்னே? எழுதிக் காட்டு."

அவள் எழுதவில்லை.

ஆஷ்லின் அந்த ரூலை எடுத்துவிட்டுப் பையை மாட்டிக்கொண்டாள். வாசல் வரை போனவள் நின்றாள். "ஏதோ ஒண்ணு எழுதிக் குடுத்துருங்கக்கா. எங்கப்பா போறப்ப நான் பக்கத்துல இல்ல. இன்னமும் அது உறுத்துதுங்க."

"பஸ் போயிரும் சாமி" என்றாள் காவேரி.

அதற்குப் பிறகு வீட்டில் வேறு யாருமில்லை. காவேரி ஒரு நர்ஸ் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தாள். உதடு உலர்ந்தபோது பஞ்சை நனைத்துத் துடைத்தாள். ஒரு பக்கமாகவே படுத்துப் புண்ணாகாமல் திருப்பிப் படுக்க வைத்தாள். கால் சில்லிட்டபோது தேய்த்துவிட்டாள். ஒவ்வொரு முறை அவள் முகம் அருகில் வந்தபோதும் அவர் கேட்டார். என்ன சொன்னே கண்ணு. குரல் போன பிறகு விரலால் போர்வைமேல் எழுதுவதுபோல் காட்டிக் கேட்டார். அந்த விரலைப் பிடித்து உள்ளே வைத்துப் போர்த்திவிட்டாள். எழுதலாமே என்று ஒரு தரம்கூட அவளுக்குத் தோன்றவில்லை என்று சொல்ல முடியாது. தோன்றியது. தோன்றியபோதெல்லாம், இவருக்கு அரை நாள்தானே, எனக்குப் பத்தொன்பது வருஷம் என்று சொல்லிக்கொண்டாள்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் மூச்சுக்கு மூச்சு இடைவெளி நீண்டது. ஒரு இடைவெளிக்குப் பிறகு அடுத்த மூச்சு வரவில்லை. அவள் நாடி பிடித்து, மணியைப் பார்த்து, முழுசாக ஐந்து நிமிஷம் இருந்தாள். அதன் பிறகே கையை விட்டாள். அழுகை வரவில்லை. ஜெயித்த மாதிரியும் இல்லை. பசித்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது.

சேதி தெரிந்து முதலில் வந்தவர் செல்லப்பன். எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவர், அடுத்த வீடு. துண்டை வாயில் அழுத்திக்கொண்டு கட்டிலடியில் கொஞ்ச நேரம் நின்றார். கீழே சிதறிக் கிடந்த பெரிய எழுத்துத் தாள்களைப் பொறுக்கி, என்னவென்று பார்க்காமலே அடுக்கி மேசைமேல் வைத்தார்.

"விஜயனுக்குச் சொல்லியாச்சா சாமி? இன்னைக்கே எடுத்துரலாமா, இல்ல ஐஸ் பொட்டிக்குச் சொல்லட்டுமா? உங்களுக்குள்ள பேச்சுவார்த்த இல்லீன்னு கேள்விப்பட்டேன். அதான் கேக்கறேன்."

"பொட்டிக்குச் சொல்லுங்க மாமா. அண்ணன் வரட்டும்."

வீட்டுக்குள் சிக்னல் நிற்காது. சில்வர் ஓக் மரத்தடிக்குப் போய் நின்று, அடைத்து வைத்த நம்பரை விடுவித்து அழைத்தாள். முதல் மணி முழுதாக அடிப்பதற்குள் அவன் எடுத்துவிட்டான். யார் என்று கேட்கவில்லை. அவள் அழைக்கிறாள் என்பதிலேயே அவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"எப்ப?" என்றான்.

"மூணு மணிக்கு."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பின்னால் யாரோ வேறு பாஷையில் எதையோ கத்திக்கொண்டிருந்தார்கள். "எம் மெயிலு ஒண்ணாச்சும் படிச்சாராம்மா?"

"கடைசியா போட்டதப் படிச்சாரு. நாந்தான் பெருசு பண்ணிக் குடுத்தேன்."

"அப்ப நீயும்..."

"நானும் படிச்சேன்."

லயனிலிருந்து பெண்கள், வேலையை அப்படியே போட்டுவிட்டு, சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஒருத்தி பின்னால் ஒருத்தியாகப் பாதையில் ஏறி வந்துகொண்டிருந்தார்கள்.

"கடைசியா ஏதாச்சும் சொன்னாரா கண்ணு?"

"எழுதிக் காட்டுன்னாரு."

"நீ என்ன எழுதுனே?"

முன்னால் வந்தவள் வாசலை அடையும் முன்பே குரலெடுத்து அழத் தொடங்கிவிட்டாள். காவேரி ஒதுங்கி நின்று அவர்களுக்கு வழி விட்டாள். எல்லாரும் கடந்து போகும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தாள்.

"நீ எப்பண்ணா கெளம்பறே?" என்று கேட்டாள்.